பெயரும் பொருளும்: ஐரோப்பிய இடைக்கால நெடுங்காம்புப் படைக்கலங்கள் பற்றிய ஓர் ஆய்வு

படைக்கலத்தின் பெயர் நூலிற் கிடைத்துவிட்டால் படைக்கலமே கைக்கு வந்துவிட்டதாகக் கருதுவது சொல்லாராய்ச்சியிற் பழகினார்க்கு இயல்பாக நேரும் மயக்கமாகும். அம்மயக்கத்தினின்று யாமும் நீங்கியிருந்தோம் அல்லேம். ஐரோப்பிய இடைக்காலப் படைக்கலங்களைத் தொகுத்துவரும் அன்பர் ஒருவர், தம் தொகுப்பில் உள்ள நீண்ட காம்புடைய படைக்கலங்கள் ஐந்தனுக்குத் தமிழிற் பெயரும் விளக்கமும் எழுதித் தருமாறு சில ஆண்டுகளுக்கு முன் எம்மைக் கேட்டார். அவற்றுட் சில பழையன; சில பழையன போலப் பிற்காலத்தே செய்யப்பட்டன. ஹால்பர்டு, கிளேவ், கிசார்ம், வூஜ், கூடெண்டாக் என்று ஆங்கில எழுத்தில் எழுதிய சிற்றட்டைகள் அவற்றில் முன்னரே தொங்கிக்கொண்டிருந்தன. அகராதிகளின் துணைகொண்டு ஒரு திங்களில் இப்பணியை முடித்துவிடலாம் என எண்ணினோம். முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அங்ஙனம் ஆனதற்குக் காரணம் யாது என்பதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்படைக்கலங்களின் பொதுவியல்பை முதற்கண் சுருங்கக் கூறுதும். ஆள் உயரமோ அதனினும் மிக்க நீளமோ உடைய மரக்காம்பின் தலையில் வெட்டும் அலகோ குத்தும் முனையோ இழுக்கும் கொளுக்கியோ, இவற்றுள் இரண்டு மூன்றோ ஒருங்கே பொருத்தப்பட்டவை இவை. வேல் எங்கும் உள்ளது, பழமையானது. ஆனால் வேலின் குத்தும் தொழிலோடு கோடரியின் வெட்டும் தொழிலையும் தொரட்டியின் இழுக்கும் தொழிலையும் ஒரே காம்பில் ஏற்றிய படைகள் ஐரோப்பாவில் 13, 14ஆம் நூற்றாண்டுகளிற் பெருகின. குதிரைமேல் இருந்த கவச வீரனைத் தரையில் நின்ற உழவனும் நெசவாளனும் எதிர்க்க நேர்ந்த காலம் அது. காம்பின் நீளம் அவனைக் குதிரையின் உயரத்திற்கு ஏற்றியது. நீண்ட காம்பின் வீச்சு அவன் வெட்டுக்கு வலிமை தந்தது.

இவ்வகையுள் தலைமையானது ஹால்பர்டு. 1315ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், மோர்கார்ட்டன் என்னும் மலையிடுக்கில், ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் குதிரைப்படையைச் சுவிட்சர்லாந்தின் மலைநாட்டு மக்கள் வளைத்து அழித்தனர். இப்போரைக் குறித்து எழுதியோருள் வின்டர்தூர் நகரத்து யோவான் என்னும் துறவி குறிப்பிடத்தக்கவர். போர் நிகழ்ந்தபோது அவர் பள்ளிச் சிறுவர். போருக்குச் சென்ற தந்தையை எதிர்கொள்ள ஏனைய மாணவரோடு நகர வாயிலுக்கு ஓடியதையும், லியோபோல்டு துயரால் அரையுயிராய் மீண்டதைக் கண்ணாற் கண்டதையும் அவரே பதிந்துள்ளார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1340களில், இலத்தீன் மொழியில் வரலாறு எழுதியபோது, அம்மலைநாட்டார் கையில் இருந்த கொடிய படையை முதலில் ஓர் இலத்தீன் சொல்லாற் குறித்து, அதனையடுத்து, நாட்டு வழக்கில் அதனை ‘ஹெல்ன்பார்ட்டா’ என்பர் என்று விளக்கினார். வலிய கவசம் பூண்டாரையும் மழிகத்தியால் அரிவதுபோல் அது துண்டாக்கிற்று என்பதும் அவர் கூற்று.

அவர் முதலில் இட்ட இலத்தீன் சொல் ‘கேசா’ என்பது. இதன் ஒருமை வடிவம் ‘கேசும்’. பண்டை உரோமர் நூல்களில் இது கால் இனத்தார் எறியும் கனத்த வேலைக் குறித்தது. மோர்கார்ட்டனில் மக்கள் ஏந்தியதோ எறிவேல் அன்று. இரு கையாற் பிடித்து வெட்டும் படை. கற்றவராகிய துறவி, தாம் பயின்ற செந்நூலில் அப்படைக்கு ஒத்த சொல் இல்லாமையால், கிடைத்ததோர் பழஞ்சொல்லை எடுத்துப் போர்த்தினார். நல்வினைப் பயனாக அதனோடு அமையாது நாட்டு வழக்கையும் உடன் எழுதிவைத்தார். அவ்வொரு சொல் இல்லையாயின், சுவிட்சர்லாந்து மக்கள் எறிவேல் கொண்டு வென்றனர் என்று இன்று நாம் எழுதிக்கொண்டிருப்போம், மேற்கோளும் காட்டுவோம்!

தமிழ் பயின்றார்க்கு இது புதிய இடர்ப்பாடு அன்று. அயில், எஃகம், குந்தம், ஞாங்கர் ஆகியவற்றை நிகண்டுகள் வேலின் பெயர்களாகத் தொகுத்துத் தருகின்றன. அவை யாவும் ஒரே வடிவின் பெயர்களா, வெவ்வேறு வடிவங்களின் பெயர்கள் செய்யுள் வழக்கில் ஒன்றாகக் கலந்தனவா என்பதை நிகண்டு சொல்லாது. சொல்லுதல் அதன் தொழிலும் அன்று. இதனை ஈண்டு விரித்தல் வேண்டா. எம் பொருள் ஐரோப்பியப் படைக்கலமே.

ஹால்பர்டு என்னும் சொல்லின் பிறப்புப் பற்றியும் ஒரு வழக்கு நிகழ்ந்தது. ‘பார்ட்டெ’ என்பது ஜெர்மன் மொழியிற் கோடரி. இதில் ஐயம் இல்லை. முதனிலையாகிய ‘ஹால்ம்’ என்பதனைக் காம்பு எனக் கொள்வார் ஒரு சாரார். ‘ஹெல்ம்’ எனக் கொண்டு, தலைக்கவசத்தைப் பிளக்கும் கோடரி என்று உரைத்தார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்று கேட்பதற்கு வீரச்சுவை மிக்கது. எனினும் காம்புக்கோடரி என்னும் எளிய பொருளே இன்று பெரிதும் ஏற்கப்படுவது. 1287இல் இறந்த கொன்ராட் என்னும் வூர்ட்ஸ்பர்க் நகரப் புலவர், திராய் நகரப் போரைப் பாடிய பெருங்காப்பியத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார். இதுவரை அறியப்பட்ட ஆட்சிகளுள் இதுவே மிகப் பழையது என்பர். பழங்கிரேக்கர் கையில் தம் காலத்துப் படையைக் கொடுத்த புலவர் செயல் நமக்கு உதவியாயிற்று.

இனிப் பொருளை நோக்குவோம். தொடக்கக்கால ஹால்பர்டு, நாம் ஓவியங்களிற் காணும் பிறைவடிவும் துளைவேலைப்பாடும் உடையது அன்று. இறைச்சி வெட்டும் கத்தியைப் போன்ற அகன்ற, நேரான அலகு. அதன் மேல்முனை கூராக நீண்டிருக்கும். அலகின் பின்புறத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். அவ்வளையங்களின் வழியே காம்பைச் செலுத்தி இறுக்கினர். பின்னர்ப் பின்புறத்தில் அலகு போன்ற கொக்கி சேர்ந்தது. இரு வளையம் மறைந்து, காம்பு நுழையும் ஒரே குழலும், அதனினின்று காம்பின்மேல் இறங்கி ஆணியால் அறையப்பட்ட இரும்புப் பட்டைகளும் வந்தன. இப்பட்டைகள் தலையைக் காம்போடு பிணித்தன. எதிரியின் வாள் காம்பை அறுக்காமலும் காத்தன. கொல்லன் உலையில் நிகழ்ந்த இச்சிறு மாற்றங்களே காலத்தைக் கணிக்க நமக்கு வாய்த்த உறுதியான சான்றுகள்.

1386ஆம் ஆண்டு செம்பாக் போரில் மற்றொரு லியோபோல்டு, அந்நாளைய ஆஸ்திரியக் கோமகன், சுவிட்சர்லாந்துப் படையின் கையில் மாண்டான். ஆயினும் 1422இல் ஆர்பேடோ என்னுமிடத்தில், மிலான் நாட்டுப் படைத்தலைவன் கார்மக்னோலா தன் கவச வீரரைக் குதிரையினின்று இறக்கி நீண்ட ஈட்டிகளோடு நிறுத்தியபோது, ஹால்பர்டு ஏந்தியோர் பேரிழப்பு எய்தினர். அதன்பின் சுவிட்சர்லாந்துப் படையில் பைக் எனப்படும் நெடுவேலின் தொகை ஏறியது. ஐந்து மீட்டரும் அதற்கு மேலும் நீண்ட அவ்வேல் அணியின் புறத்தே நிற்க, ஹால்பர்டு அணியின் நடுவே கொடியைக் காப்பதாயிற்று. 1477ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் நான்சி நகருக்கு வெளியே பர்கண்டிக் கோமகன் சார்லசு வீழ்ந்தான். இருநாள் கழித்து அவன் உடல் உறைபனியிடையே கண்டெடுக்கப்பட்டபோது மண்டை பிளந்திருந்தது. ஹால்பர்டின் வெட்டு என மரபு கூறும். இதன் பின்னரும் ஹால்பர்டு மறைந்திலது. வடிவில் அழகு பெற்றது; அரண்மனை வாயிலுக்குச் சென்றது. 1506இல் உரோமைக்கு வந்த சுவிட்சர்லாந்துக் காவற்படையினர் வத்திக்கானில் இன்றும் அதனை ஏந்தி நிற்கின்றனர்.

தொகுப்பாளர் நினைவில் இருத்த வேண்டிய செய்தி இங்கு ஒன்று உண்டு. போரிற் பயன் மிகுந்திருந்த காலத்து ஹால்பர்டு அழகற்றது; அரிதாகவே எஞ்சியுள்ளது. பயன் குன்றிய காலத்து ஹால்பர்டு அழகியது, காட்சிச்சாலைகளில் நிரம்பியுள்ளது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆயுதசாலை 1640களிற் கட்டப்பட்டது. அங்கே ஏறத்தாழ 32,000 பொருள்கள் உள்ளன. 1749இல் அதனைக் கலைக்க அரசு முற்பட்டபோது அந்நாட்டுப் பேரவையார் வேண்டிக்கொண்டமையால் அது நிலைத்தது. பழைய நிலையிலேயே நிற்கும் அத்தகைய கருவூலம் உலகில் வேறொன்று உண்டோ எனின் அரிது. எனினும் அங்கு வரிசையாக நிற்கும் நெடுங்காம்புப் படைகள் பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டின. மோர்கார்ட்டனை அங்கே தேடுதல் ஆகாது.

அடுத்து, கூடெண்டாக். 1302ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் கூர்ட்ரே என்னும் பிளாண்டர்சு நகரருகே, நெசவாளரும் கைவினைஞருமாகிய காலாட்கள் பிரெஞ்சுக் குதிரை வீரரை வென்றனர். வீழ்ந்த வீரரின் பொன்முட்கள் தேவாலயத்தில் தொங்கவிடப்பட்டமையால் பொன்முட் போர் எனவும் இது பெயர் பெற்றது. அவர்தம் படைக்குக் கூடெண்டாக் என்பது பெயர். ‘நல்ல நாள்’ என்னும் வாழ்த்து அது என்று புளோரன்சு நகரத்து வில்லானி முதலிய அக்காலத்தாரே பொருள் கூறினர். வெட்டுவதற்கு முன் வணக்கம் கூறும் நகைச்சுவை என அதனை விரித்தோர் பலர். ‘டாக்’ என்பதனைக் குத்துவாள் எனக் கொண்டு ‘நல்ல குத்துவாள்’ எனப் பொருள் கண்டாரும் உளர். சொல்லை வைத்துக்கொண்டு வடிவத்தை ஊகிக்க முயன்ற 19ஆம் நூற்றாண்டினர் பெரிதும் இடர்ப்பட்டனர். முட்குண்டுடைய தண்டு என்றார் சிலர். ஹால்பர்டு போன்றதோர் வெட்டுப்படை என்றார் சிலர்.

வடிவத்தை விளக்கியவை வேறு சான்றுகள். 1304இல் பிளாண்டர்சுப் போரில் தாமே காயமுற்ற கில்லோம் கியார் என்னும் பிரெஞ்சுச் செய்யுளாசிரியர், நீண்ட கூரிய இரும்புமுனை செறித்த பெருந்தடி என அதனை விளக்கினார். கென்ட் நகரத்துச் சிறு தேவாலயம் ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளிப்பட்ட சுவரோவியத்தில் நகரப்படையினர் அத்தகைய தடிகளைத் தோளிற் சாத்தி நடக்கின்றனர். ஆக்சுபோர்டு நியூ கல்லூரியில் உள்ள மரப்பேழையின் முகப்பில் கூர்ட்ரேப் போர் செதுக்கப்பட்டுள்ளது. அதன் மெய்ம்மை பற்றி ஐயுற்றோர் உண்டாயினும், அதில் வரும் தடியும் கென்ட் ஓவியத் தடியும் கியார் சொல்லும் தடியும் ஒத்திருக்கின்றன. தலைப்பக்கம் பருத்த தடி. அதனைச் சுற்றிய இரும்புப் பூண். நடுவே எழும் முனை. அவ்வளவே. கொல்லனிடம் செலவு மிகாது. தச்சன் வேலை மிகுதி. குதிரையின் மார்பைத் தடுக்கவும், வீழ்ந்தவனை அடிக்கவும், கவசத்தின் இடுக்கிற் குத்தவும் ஒரே கருவி ஆயிற்று. இது பற்றிய சொற்பிறப்பு வழக்கு இன்னும் தீரவில்லை. தீராமையால் வடிவத்தை அறிவதற்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

இனி, எம் பிழை ஒன்றனை ஒப்புக்கொள்ளும் இடத்திற்கு வந்துள்ளோம். தொகுப்பாளர் வழக்கிற் கிளேவ் என்பது காம்பின் தலையில் ஒருபக்கக் கூருடைய நீண்ட கத்தியலகு பொருத்தியது. வாளைக் குறிக்கும் ‘கிளேடியசு’ என்னும் இலத்தீன் சொல்லோடு இதனை இயைப்பர் ஆதலின், ‘வாள்வேல்’ எனத் தமிழிற் பெயர் படைத்து, அட்டையும் எழுதி, மகிழ்ந்திருந்தோம். பின்னர்ப் பழம்பிரெஞ்சு ஆட்சிகளை நோக்கியபோது, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இச்சொல் குதிரை வீரனின் நேரிய ஈட்டியையே பெரிதும் குறித்து நிற்கக் கண்டோம். 14ஆம் நூற்றாண்டில் இத்தனை ‘கிளேவ்’ என்று கவச வீரரின் தொகையை எண்ணும் வழக்கும் இருந்தது. இன்றைப் பிரெஞ்சில் அதே சொல் மீண்டும் வாளைக் குறிக்கிறது. வாள், ஈட்டி, காம்புக்கத்தி, மறுபடியும் வாள் என அறுநூறு ஆண்டுகளில் சுழன்று வந்த ஒரு சொல்லின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் நடுவில் நிற்கும் பொருளுக்குப் பெயரிட முற்பட்ட எம் துணிவை என்னென்பது! அட்டையைக் கிழித்தெறிந்தோம்.

கிசார்ம் இதனினும் கடியது. 1285இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு விதித்த வின்செஸ்டர்ச் சட்டம், ஒவ்வொருவனும் தன் செல்வநிலைக்கு ஏற்ற படைக்கலத்தை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும் என்றது. ஆண்டுக்கு 40 ஷில்லிங்குக்குக் குறைந்த நிலவருவாய் உடையவனுக்கு அச்சட்டம் குறித்த படைகளுள் கிசார்ம் ஒன்று. எளியவனின் படை என்பது இதனால் விளங்கும், வடிவம் விளங்கவில்லை. பழைய ஆட்சிகளில் அது நீண்ட காம்புடைய கோடரி வகை என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. காட்சிச்சாலை அட்டைகளிலோ இப்பெயர், வளைந்த கொளுக்கியலகின் பின்னின்று ஒரு முள் நீண்டெழும் பிற்காலப் படையின்மேல் ஏறியுள்ளது. அன்பரின் தொகுப்பில் இருந்ததும் இதுவே.

இப்பெயர்கள் எங்ஙனம் இடம்மாறின எனின், 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்பாளரை நோக்க வேண்டும். இங்கிலாந்தில் சாமுவேல் மெய்ரிக் என்பார் 1824இல் பழங்கவசங்கள் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். கதைகளிலிருந்து வரலாற்றைப் பிரித்தெடுக்க முயன்ற முன்னோடி அவர். அவர் தொகுத்த படைக்கலங்கள் பல இன்று இலண்டன் வாலசு தொகுப்பில் உள்ளன. அவரும் அவர் வழி வந்தோரும் ஒரு பக்கம் பழைய நூல்களிலிருந்து பெயர்களைத் திரட்டினர். மறுபக்கம் சுவரில் வடிவங்களை வரிசைப்படுத்தினர். பின் ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒவ்வொரு பெயர் என இணைத்தனர். பெயரில்லா வடிவமோ வடிவமில்லாப் பெயரோ எஞ்சலாகாது என்னும் ஆர்வம் அவர்களுக்கு. அவரை இகழ்தல் எம் கருத்தன்று. அவர் தொகுத்திராவிடில் இரும்பு பழைய விலைக்குப் போயிருக்கும். ஆயினும் அவர் இட்ட பெயர்களை இடைக்காலத்தார் வழங்கிய பெயர்களாகக் கொள்ளுதல் தகாது. வூஜ் என்னும் பெயரின் வரலாறும் இதுவே. 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காலாட்படையில் அப்பெயருடைய படையை ஏந்தினோர் இருந்தனர். ஆனால் இரு வளையமும் அகன்ற அலகும் உடையதாய் ‘வூஜ்’ என்று பல தொகுப்புகளில் தொங்கியது, மேலே யாம் கூறிய தொடக்கக்காலச் சுவிட்சர்லாந்து ஹால்பர்டே.

பெயரை ஒலியால் மயங்குதலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘போல்ஆக்சு’ எனப்படும் வீரர்தம் படையின் முதனிலை காம்பைக் குறிக்கும் சொல் அன்று. தலையைக் குறிக்கும் ‘போல்’ என்னும் வேறொரு பழஞ்சொல். காம்புப் படைகளின் பட்டியலில் அது இருத்தல் பொருந்துமெனினும், பெயர் அதற்குச் சான்று ஆகாது. இப்படையை ஆளும் முறையை மட்டும் கற்பிக்கும் 15ஆம் நூற்றாண்டுப் பர்கண்டி நாட்டு ஏடு ஒன்று பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது. தலைப்புறத்தால் அடிப்பதினும் அடிக்காம்பால் தடுப்பதும் குத்துவதுமே அதில் மிகுதி. படைக்கலத்தின் வேலை முழுவதும் அதன் இரும்பில் இல்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆனால் தொகுப்புகளில் பழைய காம்பு அரிது. செல்லரித்தும் ஒடிந்தும் போனமையின் புதுக்காம்பு இட்டனர். புதுக்காம்பின் நீளம் இட்டவன் எண்ணியதேயன்றிப் போர்வீரன் அறிந்தது அன்று. எனவே படைக்கலத்தின் மொத்த நீளத்தை அட்டையில் எழுதும்போது காம்பு பழையதா என்பதனையும் உடன் எழுதாவிடில் அவ்வளவு பயனற்றதாகும்.

சொல்லும் எலும்பும் ஒருங்கே கிடைத்த இடத்திலும் பொருளின் பெயர் துணியப்படவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1485ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 22ஆம் நாள் போசுவொர்த்துப் போரில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு மாண்டார். வேல்சு நாட்டான் ஒருவன் அவரை ஹால்பர்டால் வீழ்த்தினான் என்று பர்கண்டி வரலாற்றாசிரியர் மொலினே எழுதினார். 2012இல் லெஸ்டர் நகரில் அம்மன்னரின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. 2014இல் வெளியான மருத்துவ ஆய்வு, இறக்கும் வேளையில் ஏற்பட்ட காயங்கள் 11 என எண்ணியது. அவற்றுள் 9 தலையோட்டில் இருந்தன. மண்டையின் அடிப்புறத்தில் இருந்த பெருவெட்டு உயிரைப் போக்கியிருத்தல் கூடும் என்றனர். அவ்வெட்டை விளைவித்த படை யாது? வாளோ, ஹால்பர்டு அல்லது பில் போன்ற நெடுங்காம்புப் படையோ என்பதே அறிவியலார் விடை. மொலினேயின் சொல்லை எலும்பு மறுக்கவில்லை. உறுதி செய்யவும் இல்லை. நூலுடையார் ஆகிய நாம் உடனே ஹால்பர்டு என்று எழுதியிருப்போம். எலும்பைக் கையில் ஏந்தியவர் எழுதவில்லை.

ஈண்டுக் குறித்த பில் என்பது ஆங்கிலேயர்தம் நாட்டுப் படை. வேலி கழிக்கும் வெட்டரிவாளை நீண்ட காம்பில் ஏற்றிக் குத்துமுனை சேர்த்தது அது. நம் நாட்டுத் தொரட்டியைக் கண்டார்க்கு அதன் வடிவம் விளக்க வேண்டுவதன்று. 1513இல் பிளாடன் போரில் இசுக்காட்லாந்தினர் ஏந்திய நெடுவேல் அணி மேடுபள்ளத்தில் குலைந்தபோது, இப்பில் அவ்வேல்களின் தலைகளை வெட்டி வீழ்த்திற்று. பெயரும் பொருளும் பிரியாமல் இருந்த படை இதுவே எனலாம். உழவன் அறிந்த கருவியாதலின் அதன் பெயரைத் தொகுப்பாளர் மாற்ற இடமில்லாது போயிற்று.

ஆதலின் அன்பரின் அட்டைகளை எழுதுங்கால் யாம் கொண்ட முறை, எம் துறைக்கு மாறானது. முதலில் அலகின் வடிவும் நீளமும். அடுத்துக் காம்போடு பிணித்த முறை. பின்னர்க் கொல்லன் முத்திரை. அதன்பின் ஒத்த வடிவம் வரும் ஓவியமோ செதுக்கமோ. எல்லாவற்றிற்கும் இறுதியிற் பெயர். ஹால்பர்டு ஒன்றனுக்கே பெயரை உறுதியாக எழுத இயன்றது. ‘வூஜ்’ என்றிருந்ததற்கு ‘ஹால்பர்டு, தொடக்க வடிவம், இரு வளையப் பிணைப்பு, காம்பு புதியது’ என எழுதினோம். ‘கிளேவ்’ என்றிருந்ததற்கு, ‘காம்புக்கத்தி, ஒருபுறக் கூர், கிளேவ் என வழங்குவர்’ என்றும், ‘கிசார்ம்’ என்றிருந்ததற்கு, ‘கொளுக்கியும் முள்ளும் உடைய காம்பரிவாள், கிசார்ம் என்பது பிற்காலத்தார் இட்ட பெயர்’ என்றும் எழுதினோம். கூடெண்டாக் பிற்காலப் படிமம் ஆதலின் அதனையே முதல் வரியில் குறித்தோம்.

அன்பர் அவற்றைப் படித்துவிட்டு, இனிய பெயர்களெல்லாம் போய்விட்டனவே என வருந்தினார். எனினும் புதிய அட்டைகளைத் தொங்கவிட்டார். அண்மையில் அங்குச் சென்றபோது வூஜின் அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். பழைய அட்டை அதன் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதனை அகற்றுமாறு யாம் சொல்லவில்லை.